வண்டிக்காக வந்தவர்

நூல் என்று சொன்னால் அந்த வட்டாரத்தில் கார் வைத்திருக்கும் யாருக்கும் தெரியும். அவனுடைய சொந்தப் பெயரை மின்சார வாரியத்துக்காரர்கள் மட்டும்தான் பயன்படுத்தினார்கள். சக்கரங்கள் நேராக நிற்கின்றனவா என்று பார்க்க எல்லோரும் கம்ப்யூட்டர் மெஷின் வாங்கிப் போட்டுவிட்ட பிறகும், அவன் காரின் இரண்டு பக்கமும் நைலான் நூலை இழுத்துக் கட்டி, தரையில் குப்புறப் படுத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு அளவு பார்ப்பான். அதனால் வந்த பெயர். மெஷின் வாங்க வக்கில்லாமல் நூல் கட்டுகிறான் என்று போட்டிக் கடைக்காரர்கள் சொல்வார்கள். அதில் பாதி உண்மை. மீதிப் பாதி, அவனுக்குத் தரையில் படுப்பது பிடிக்கும்.

டயர் கடைக்கும் ஓர் அடுக்குமாடியின் பின்சுவருக்கும் நடுவில் ஒரு தகர ஷெட்டு. வண்டிக்கு அடியில் இறங்கி வேலை பார்க்க ஒரு குழி, ஒரு வேலை மேஜை, காலொடிந்த ஸ்டூல் ஒன்று. அதில் யார் உட்கார்ந்தாலும் முதல் தடவை ஆடிப்போவார்கள், நூல் சிரிப்பான். ஸ்டியரிங் வேலையைத் தவிர வேறு எதையும் அவன் தொடமாட்டான். இன்ஜினில் புகை வருகிறது என்று யாராவது வந்தால், 'அது வேற டிபார்ட்மெண்டு' என்று எதிர்த்த தெருவைக் காட்டிவிடுவான்.

வேலையில் அவனுக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. வண்டியை ஓட்டிப் பார்க்கும்போது வண்டிக்காரரைப் பக்கத்தில் ஏற்றமாட்டான். தனியாகத்தான் ஓட்டிப் பார்ப்பான். அவர்கள் வாய் ஓயாது, அந்தப் பேச்சில் வண்டி சொல்வது காதில் விழாது என்பான். வண்டிக்காரர்கள் ஆளுக்கொன்று சொல்வார்கள், கேட்டு வேலை செய்தால் உருப்பட்ட மாதிரிதான் என்பது அவன் கட்சி. இத்தனை வருஷத்தில் அதனால் அவனுக்குக் கெடுதல் எதுவும் வந்ததில்லை, இந்த ஒரு வண்டி வரும்வரை.

அவனுக்கு ஒரே ஓர் அண்ணன். ஊருக்கு அவர் வாத்தியார். பள்ளிக்கூட வாத்தியார் இல்லை, கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிற வாத்தியார். அந்த ஊரில் ஸ்டியரிங் பிடிக்கிற கைகளில் பாதி அவர் தட்டித் திருத்திய கைகள்தான். தட்டி என்றால் தட்டியேதான். இறுக்கிப் பிடித்தால் விரல் முட்டியில் ஸ்கேல் விழும். அவர் வளைவில் வண்டியைத் திருப்புவதைப் பார்ப்பதற்கென்றே நூல் சின்ன வயதில் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொள்வான். இரண்டு கைகளும் ஒன்றையொன்று தொடாமல், அவசரப்படாமல், மாறி மாறி வட்டத்தைக் கொடுத்து வாங்கும். தம்பிக்கு ஸ்டியரிங் பைத்தியம் பிடித்தது அந்தப் பின்சீட்டில்தான்.

அப்படிப்பட்ட அண்ணன் தம்பிக்குள் பேச்சு நின்றுபோனது அப்பாவின் சாவில். அப்பா ஆஸ்பத்திரியில் கடைசி மூச்சுக்கு இழுத்துக்கொண்டிருந்தபோது நூல் ஒரு வேனுக்கு அடியில் படுத்திருந்தான். அண்ணன் ஆள் அனுப்பினார். பாதி கழற்றிய ஸ்டியரிங்கோடு வேன் தெருவை அடைத்துக்கொண்டு நின்றது. இதை மாட்டிவிட்டு ஒரே ஓட்டமாக வருகிறேன் என்று சொல்லி அனுப்பினான். மாட்டிவிட்டுப் போய்ச் சேர்ந்தபோது அப்பா போய்விட்டிருந்தார். சொந்தபந்தம் எல்லாம் கூடி நின்ற வராந்தாவில் வாத்தியார் சொன்னார்: "வந்துட்டான் பாரு. இவனுக்கு அப்பனைவிட போல்டு பெருசு."

நூல் ஏற்கெனவே உடைந்துபோய்த்தான் வந்திருந்தான். அந்தச் சொல் சுரீரென்று தைத்தது. "நீ ரொம்ப யோக்கியனா? உக்காந்த எடத்துல உக்காந்தே காலத்தை ஓட்டினவன்தானே நீ? வேலைன்னா என்னன்னு உனக்கு என்ன தெரியும்?" என்று வாய்விட்டான். பிறந்ததிலிருந்து அண்ணனை 'நீங்க' என்றே சொல்லி வளர்ந்தவன், அத்தனை பேர் முன்னால் 'நீ' என்றது, சொன்ன விஷயத்தைவிடப் பெரிதாகப் போயிற்று. அதோடு சரி. எதிரெதிரே வந்தால் ஒருவர் கடைப் பலகையைப் படிப்பார், மற்றவர் தன் செருப்பைப் பார்த்துக்கொள்வார். நல்லது கெட்டதுக்கு அண்ணியும் நூலின் மனைவியும் மட்டும் போய்வந்துகொண்டிருந்தார்கள்.

வருஷங்கள் ஓடின. வெளியே பார்த்தால் நூல் வீறாப்பாகத்தான் இருந்தான். உள்ளுக்குள் ஒரே ஓர் ஆசைதான்: அண்ணன் ஒரு தடவை இந்த ஷெட்டு வாசலை மிதிக்க வேண்டும். தான் போய்க் காலில் விழுந்தால் முடிந்துவிடும் என்று தெரியும். ஆனால் அது மட்டும் முடியவில்லை. இவனுக்கும் அந்த வீறாப்புக்கார அப்பாவின் ரத்தம்தானே.

ஒரு மழைக்காலத்தில் அண்ணி போன் செய்தாள். "தம்பி, நம்ம வண்டி ஸ்டியரிங் கல்லு மாதிரி ஆயிடுச்சு. எங்கெங்கயோ காட்டியாச்சு. அவர் வாயத் திறந்து உங்ககிட்டக் கேக்க மாட்டார். நான்தான் மல்லுக்கட்டி அனுப்பறேன். பழசு எதையும் எடுத்துடாதீங்க."

"நான் ஏன் அண்ணி எடுக்கப்போறேன்" என்றவன், போனை வைத்த கையோடு ஷெட்டைப் பெருக்க ஆரம்பித்தான்.

வண்டி வந்தது. பழைய வண்டி, வாத்தியாரின் டிரைவிங் ஸ்கூலுக்கு முதன்முதலில் வாங்கியது. வெள்ளை எங்கே முடிகிறது, மஞ்சள் எங்கே ஆரம்பிக்கிறது என்று சொல்ல முடியாத வயசு. ஸ்கூலை மூடியபோது மற்ற வண்டிகளைத் தள்ளிவிட்டவர், இதை மட்டும் அண்ணியைத் தையல் கடையில் விடவும் கூட்டி வரவும் வைத்துக்கொண்டார். இறங்கினார். தம்பியைப் பார்க்காமல் பானட்டைப் பார்த்தார்.

"ஒடிச்சா முரண்டு பண்ணுது. ஒடிச்சப்புறம் தானா நேருக்கு வரமாட்டேங்குது" என்று பானட்டிடம் சொன்னார்.

"எப்பலேருந்தாம்?" என்று முன்சக்கரத்தை விசாரித்தான் நூல்.

"மழை ஆரம்பிச்சதுலேருந்து" என்று பானட்டுக்கே பதில் போயிற்று.

"உக்காரச் சொல்லுங்க" என்றான் நூல், வேடிக்கை பார்க்க வந்த டயர் கடைக்காரரிடம். அவர், "எனக்கு எதுக்குப்பா வம்பு, நீங்களாச்சு உங்க வண்டியாச்சு" என்று நழுவிவிட்டார். வாத்தியார் சாவியைப் பானட்டின் மேல் வைத்துவிட்டு, குடையை விரித்துக்கொண்டு நடந்தார்.

அந்த வேலை நூலை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டது. கீழே இருந்த ஜாயிண்டுகளை எல்லாம் மற்றக் கடைக்காரர்கள் மாற்றித் தள்ளியிருந்தார்கள்; எல்லாம் புதுசு, பளபளவென்று மின்னியது. ஆனாலும் ஸ்டியரிங் அசைவதற்கு அழுதது. கோளாறு மேலே இருந்தது. ஸ்டியரிங்கின் தண்டு, ஓட்டுபவரின் கால்பக்கமிருந்து இன்ஜின் பக்கம் நுழையும் இடத்தில் ஒரு ஜாயிண்ட் உண்டு. மணிக்கட்டு மாதிரி எந்தப் பக்கமும் மடங்கிக் கொடுக்க வேண்டியது அது. ரப்பர் உறை கிழிந்து, மழைத்தண்ணீர் சொட்டுச் சொட்டாக இறங்கி, துருப்பிடித்து இறுகிப்போயிருந்தது. கண்டுபிடித்ததும் சீட்டியடித்தான். கழற்றப் போனபோது சீட்டி நின்றது.

அதைப் பிடித்திருந்தது ஒரே ஒரு போல்டு. சுண்டுவிரல் நீளம்கூட இல்லை. அது அசையமாட்டேன் என்றது. எண்ணெய் விட்டு ஊறப்போட்டான். மறுநாள் ஸ்பானரை மாட்டித் தன் முழு எடையையும் கொடுத்தான். போல்டின் தலை மழுங்கியது, அவ்வளவுதான். சூடு காட்டலாம் என்றால் பக்கத்திலேயே பெட்ரோல் குழாய். சுத்தியலை வீச இடமில்லை. கால் வைக்கும் இடத்தில் தலையை வைத்து, கால்களை சீட்டின் மேல் போட்டு, தலைகீழாகக் கிடந்து பார்த்தான். துரு கண்ணில் கொட்டியது. போல்டின் அம்மாவையும் அக்காவையும் இழுத்துத் திட்டினான். வேறு வண்டிகள் வாசலில் வரிசை கட்டி நின்றன. ஒருவர் கோபித்துக்கொண்டு போயும் விட்டார். கடைசியில் ஆக்சா பிளேடை மட்டும் கழற்றி, ஒரு முனையில் துணியைச் சுற்றி, இரண்டு விரல் நுழைகிற இடுக்கில் விட்டு, இழுத்து இழுத்து அறுத்தான். கொஞ்சம் அறுப்பான், விரல் மரத்துப்போகும், உதறிவிட்டு மறுபடி. பிளேடு முறிந்து விரல் முட்டி கிழிந்தபோதும், துணியைச் சுற்றிக்கொண்டு திரும்ப உள்ளே போனான். வேறு யார் வண்டியாக இருந்தாலும் கும்பிடு போட்டு அனுப்பியிருப்பான்.

போல்டு துண்டாகி விழுந்த சத்தத்தைக் கேட்டு டயர் கடைக்காரரே கைதட்டினார். பழைய இரும்புக் கடைகளை எல்லாம் அலசி, அதே ரக வண்டி ஒன்றிலிருந்து நல்ல ஜாயிண்டைப் பிடுங்கி வந்து மாட்டினான். புது ரப்பர் உறை போட்டான். நூல் கட்டினான். தனியாக எடுத்துக்கொண்டு போய்த் தெருத் தெருவாகச் சுற்றினான். ஒற்றை விரலுக்குத் திரும்பியது வண்டி.

வாத்தியார் வந்து தெருமுனைவரை ஓட்டிப் பார்த்துவிட்டு இறங்கினார். இந்தத் தடவை பானட்டைப் பார்க்கவில்லை.

"நல்லாருக்கு" என்றார். அப்புறம், "கையில என்னடா கட்டு?"

"ஒண்ணுமில்லண்ணே. பிளேடு."

"பாத்து வேலை செய்யக் கூடாது?" என்று சொல்லிவிட்டுப் போனார். அவ்வளவுதான் பேசினார்கள். நூல் குழிக்குள் இறங்கி, யாருக்கும் தெரியாமல், விக்கி விக்கி அழுதான்.

மழை முடிந்த கையோடு வாத்தியார் மறுபடியும் வந்து நின்றார். "இன்னும் இறுக்கம் இருக்குடா. இடது பக்கம் ஒடிக்கறப்போ தெரியுது" என்றார். நூல் உடனே சாவியை வாங்கினான். வண்டியை எடுத்துக்கொண்டு போனான். இடது, வலது, வேகமாக, மெதுவாக, நின்ற இடத்திலேயே. ஒரு குறையும் இல்லை. ஜாக்கி வைத்துத் தூக்கி, ஒவ்வொரு ஜாயிண்டாக ஆட்டிப் பார்த்தான். வண்டி தங்கமாக இருந்தது. சும்மா நாலு இடத்தில் கிரீஸ் அடித்துவிட்டு, "பாத்துட்டேண்ணே" என்றான். அதற்குள் வாத்தியார் காலொடிந்த ஸ்டூலில் உட்கார்ந்து, ஆடிப்போய், சமாளித்து, டீயை வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தார். அப்பாவின் பழைய சைக்கிளைப் பற்றி அவராகவே பேச்செடுத்தார்.

மூன்றாம் தடவையும் அவர் அதே குறையோடு வந்தபோது நூலுக்குத் தலைக்குள் விளக்கு எரிந்தது. வீட்டுக்குப் போனதும் மனைவியிடம் சொன்னான்: "வண்டியில ஒண்ணுமே இல்லடி. அண்ணன் என்னைப் பாக்க வர்றாரு. சும்மா வர கௌரவம் இடம் கொடுக்கல. அதான் ஸ்டியரிங் சரியில்ல, அது சரியில்லன்னு ஒரு சாக்கு."

"அவரா அப்படிச் சொன்னார்?"

"சொல்வாரா? உனக்கு எங்க வீட்டு ஆளுங்களைப் பத்தி என்ன தெரியும்?"

அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. புருஷன் முகம் அப்படி மலர்ந்து அவள் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது.

அதன் பிறகு வந்த மாதங்கள் நூலின் வாழ்க்கையிலேயே நல்ல மாதங்கள். வாத்தியார் வருவார், குறை சொல்வார். நூல் மிக மும்முரமாக ஜாக்கியை வைப்பான், சக்கரத்தைக் கழற்றுவான், திரும்ப மாட்டுவான். எதையோ இறுக்குவது போல ஸ்பானரைத் தட்டிச் சத்தம் எழுப்புவான். வேலையை இழுக்க முடிந்த மட்டும் இழுப்பான். பேசிக்கொண்டே இருப்பார்கள். அப்பாவின் சாவைப் பற்றி மட்டும் இரண்டு பேரும் வாய் திறக்கவில்லை. அது தேவையாகவும் இல்லை. போகும்போது ஒரு வட்டம் ஓட்டிப் பார்த்துவிட்டு, "இன்னிக்குக் கொஞ்சம் பரவால்ல" என்பார் வாத்தியார். நூல் தலையைத் திருப்பிக்கொண்டு சிரிப்பான். நடிப்பில் அண்ணன் தன்னை மிஞ்சிவிட்டார் என்று நினைப்பான்.

அந்த மாதங்களில் வாத்தியார் டீ கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தார். ஒரு தடவை கிளாஸ் நழுவி உடைந்தது. சட்டையின் மேல் பட்டன் திறந்தே கிடந்தது. எப்போதும் கழுத்துவரை பூட்டிக்கொள்கிறவர். சாவியைத் துவாரத்தில் நுழைக்க நேரமாயிற்று. 'விரல்ல சட்டுனு மதமதன்னு ஆயிடுது' என்றுகூட ஒரு தடவை சொன்னார். நூல் அதையெல்லாம் பார்த்தான், கேட்டான். வயசாகிறது பாவம் என்று நினைத்துக்கொண்டான். அடப்பாவி, அந்தக் கையைக் கொஞ்சம் பாரேன் என்று கத்தத் தோன்றுகிறது. எந்த வண்டி வந்தாலும் தரையில் படுத்துச் சக்கரத்தின் கோணலைக் கண்டுபிடிக்கிறவன்! ஆனால் சந்தோஷமாக இருக்கிறவனுக்கு அதெல்லாம் கண்ணில் படாது.

வெயில் ஏறத் தொடங்கிய பருவத்தில் ஒரு நாள், வண்டி இடது பக்கம் முழுக்கச் சிராய்த்துக்கொண்டு, ஒரு விளக்கு தொங்க வந்து நின்றது. வாத்தியார் இறங்கிக் கதவை அறைந்து சாத்தினார். முகம் சிவந்திருந்தது.

"சொன்னேனா இல்லையா? சொல்லிக்கிட்டே இருந்தேனே! வீட்டு கேட்டுக்குள்ள திருப்ப முடியல. தூண்ல கொண்டுபோய் அடிச்சேன். உங்க அண்ணி பக்கத்துல இருக்கா. நீ பாத்துப் பாத்து என்னத்தடா கிழிச்சே?"

"அண்ணிக்கு...?"

"அவளுக்கு ஒண்ணுமில்ல. நாளைக்கு ஆகும். இப்படியே விட்டா ஆகும்."

அண்ணன் முகத்தில் நடிப்பு துளிக்கூட இல்லை. அவர் நிஜமாகவே பயந்திருந்தார். வழக்கம்போல நூல் சாவிக்குக் கை நீட்டினான். அப்புறம் கையை இழுத்துக்கொண்டான்.

"அண்ணே, நீங்க ஓட்டுங்க. நான் பக்கத்துல உக்காந்துக்கறேன்."

அப்படி அவன் யாரிடமும் சொன்னதில்லை. வாத்தியார் ஏறினார்.

பின்பக்கம் ஒரு பெரிய கிடங்கைச் சுற்றி அகலமான தெரு உண்டு, பகலில் ஆள் நடமாட்டம் இருக்காது. அங்கே போகச் சொன்னான். நேர்த்தெருவில் வண்டி ஒழுங்காகவே போயிற்று. நூல் ரோட்டைப் பார்க்கவில்லை, கைகளைப் பார்த்தான். இடது கை ஸ்டியரிங்கின் மேல் இருந்தது; பிடித்திருக்கவில்லை, இருந்தது. விரல்கள் மடங்கவே இல்லை. வளைவு வந்தது. வலது கையின் மணிக்கட்டை ஸ்டியரிங்கின் குறுக்குக் கம்பிக்குள் கொடுத்து, தோளால் நெம்பி, உடம்பு மொத்தமும் சாய்ந்து அண்ணன் திருப்பினார். பல்லைக் கடித்திருந்தார். நெற்றியில் வியர்வை. இடது கை வழுக்கிக்கொண்டே போய் மடியில் விழுந்தது. அவர் அதை எடுத்து மேலே வைக்கவில்லை. அது விழுந்ததே அவருக்குத் தெரியவில்லை.

வண்டி நடைபாதையைப் பார்த்துப் போயிற்று. நூல் கையை நீட்டி ஸ்டியரிங்கைப் பிடித்தான். இரண்டு விரல்தான் கொடுத்தான். வண்டி அலுங்காமல் குலுங்காமல் திரும்பி நின்றது.

வாத்தியார் அந்த இரண்டு விரல்களைப் பார்த்தார். பிறகு தம்பியைப் பார்த்தார்.

"உனக்கு மட்டும் எப்படிடா திரும்புது?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

நூல் மடியில் கிடந்த அந்த இடது கையைப் பார்த்தான். அந்த மனுஷர் ஆயுசு முழுக்க, ஸ்டியரிங் கஷ்டமாக இருக்கிறது சார் என்று சொன்ன பிள்ளைகளிடமெல்லாம், ஸ்டியரிங்கில் ஒன்றுமில்லை, கையைப் பார் என்று சொன்னவர். அவர் கையைப் பார்க்கத்தான் ஆள் இல்லாமல் போயிற்று.

நூலும் அண்ணியும் கூட்டிப்போன ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர் பார்த்தார். கையை வேகமாக மூடித் திறக்கச் சொன்னார். வாத்தியாருக்கு மூடியதைத் திறக்கவே நேரமாயிற்று. பட்டனைக் கழற்றிப் பூட்டச் சொன்னார். கண்ணை மூடி நிற்கச் சொன்னார். நூல் பாய்ந்து பிடிக்க வேண்டியிருந்தது. படம் எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்கள்: கழுத்தெலும்பு தேய்ந்து துருத்தி, உள்ளே இறங்கும் தண்டுவடத்தை நசுக்கிக்கொண்டிருக்கிறது.

"எவ்வளவு நாளா இப்படி இருக்கு?" என்று கேட்டார் டாக்டர்.

"இப்பத்தாம்மா. ஒரு பத்து நாளா" என்றார் வாத்தியார்.

அந்தக் குறை தொடங்கிய நாள் துல்லியமாகத் தெரிந்தவன் அந்த அறையில் ஒருவன்தான். சுவரோரமாக நின்றுகொண்டிருந்தான். சொல்லாமல் இருந்திருக்கலாம், ஆனால் டாக்டரிடம் தப்புக் கணக்கு போகக் கூடாது.

"போன மழை முடிஞ்சதுலேருந்து, டாக்டர்" என்றான்.

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். "அப்படியா? ஆப்பரேஷன் பண்ணா, இதுக்கு மேல மோசமாகாம நிறுத்தலாம். போனது எவ்வளவு திரும்பும்னு என்னால உறுதி சொல்ல முடியாது. கொஞ்சம் முன்னாடி வந்திருந்தீங்கன்னா நல்லாருந்திருக்கும்." எல்லா நோயாளிகளிடமும் சொல்கிற மாதிரி சாதாரணமாகத்தான் சொன்னார். நூல் வெளியே வந்துவிட்டான்.

அண்ணி பின்னாலேயே வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். அவள் யாரையும் குத்திக்காட்டுகிறவள் இல்லை. தன் பாட்டுக்குப் புலம்பினாள். "நானும் சொன்னேன் தம்பி. தட்டெல்லாம் கைநழுவுது, ஒரு தடவை காட்டிட்டு வந்துடலாம்னு எத்தனையோ தடவை சொன்னேன். இவர் கேட்டாத்தானே. ஸ்டியரிங்கைப் பிடிச்சு இழுத்து இழுத்துத்தான் கை மரத்துப்போகுது, தம்பி பாத்துக்கிட்டிருக்கான், அவன் கை வச்சா சரியாயிடும், வண்டி சரியானா கையும் சரியாயிடும்னே சொல்லிக்கிட்டிருந்தார். அவ்வளவு நம்பிக்கை உங்க மேல."

நூல் தலையைக் குனிந்துகொண்டு கேட்டான். அந்தக் கடைசி வார்த்தைகளை வேறு எந்த நாளில் யார் சொல்லிக் கேட்டிருந்தாலும் ஊர் முழுக்கத் தம்பட்டம் அடித்திருப்பான்.

ஆப்பரேஷன் நடந்தது. நடை கொஞ்சம் தேறியது. வலது கை பாதி வந்தது, ஸ்பூன் பிடிக்கிற அளவுக்கு. இடது கை வரவில்லை. தினமும் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் அப்படியே இறுகிப்போகும் என்றார்கள். அந்த வேலையை நூல் எடுத்துக்கொண்டான். தினமும் ஷெட்டைப் பாதியில் மூடிவிட்டு அண்ணன் வீட்டுக்குப் போனான். வண்டி வீட்டு வாசலில் உறை போட்டு நின்றது. அண்ணியை அவன்தான் தையல் கடைக்குக் கூட்டிப்போய் வந்தான்.

"சொல்லிடட்டுமா?" என்று மனைவியைக் கேட்டான்.

"என்னத்தை?"

"நான் வண்டியைத் தொடவே இல்லன்னு. சும்மா தட்டித் தட்டி ஏமாத்தினேன்னு."

"சொல்லி என்ன ஆகப்போகுது? போன கை வந்துடுமா? இப்பத்தான் ஏதோ ஒண்ணு சேந்திருக்கீங்க. அதையும் கெடுத்துக்காதீங்க."

அவள் சொன்னது நியாயம்தான். ஆனால் வாத்தியார் ஒவ்வொரு நாளும், "எத்தனை தடவை கழட்டி மாட்டினே பாவம், உன்னை வேற அன்னிக்குத் திட்டிட்டேன்" என்று சொல்ல ஆரம்பித்தார். அதை நூலால் தாங்கிக்கொள்ள முடியவில்லை. ஒரு மத்தியானம், விரல்களை நீட்டிவிட்டுக்கொண்டே, தலையைத் தூக்காமல் சொல்லிவிட்டான்.

"அண்ணே, அந்த ஜாயிண்டு மாத்தினேன்ல, அது ஒண்ணுதான் நெஜம். அதுக்கப்புறம் நான் ஒண்ணுமே பண்ணல. வண்டியில ஒண்ணும் இல்லன்னு எனக்கு அப்பவே தெரியும். நீங்க என்னைப் பாக்கத்தான் வர்றீங்க, வண்டியை ஒரு சாக்கா வச்சிக்கிறீங்கன்னு நெனச்சேன். எனக்கு அது சந்தோஷமா இருந்துச்சு. அதான் கேக்கவே இல்ல. அன்னிக்கே பக்கத்துல உக்காந்து பாத்திருந்தா..."

வாத்தியார் சுவரில் வெயில் விழுந்திருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் வண்டிக்காகத்தான்டா வந்தேன்" என்றார்.

"இப்பத் தெரியுதுண்ணே."

"உன்னைப் பாக்கணும்னா நேரா வந்திருக்க மாட்டேனா? எனக்கு எதுக்குடா சாக்கு?"

வந்திருக்கமாட்டார். அது இரண்டு பேருக்குமே தெரியும்.

"போ. இப்பப் போயிடு" என்றார் வாத்தியார். குரல் உயரவில்லை.

நூல் எழுந்து போனான். அன்று ஷெட்டைத் திறக்கவில்லை. வீட்டில் மனைவி முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள், சாப்பாட்டைப் போட்டு வைத்தாள். அவன் கை வைக்கவில்லை. மறுபடி ஒரு பெரிய மௌனத்துக்குள் எல்லோரும் போய்விடுவோம், இந்தத் தடவை வெளியே வர ஆயுசு இருக்காது என்று நினைத்தான். தன் வலியைவிட, அந்த விரல்களை இனி யார் நீட்டிவிடுவார்கள் என்ற கவலைதான் அவனைப் பிடுங்கித் தின்றது.

அடுத்த நாள் அதே நேரத்துக்கு அவன் கால்கள் தாமாக அங்கே போய் நின்றன. அண்ணி கதவைத் திறந்தாள். வழிவிட்டாள். வாத்தியார் ஜன்னலோர நாற்காலியில் இருந்தார். தம்பி வந்து எதிரே உட்கார்ந்ததை அறிந்தும் திரும்பவில்லை. ஆனால், இடது கை நாற்காலியின் கைப்பிடியிலிருந்து கீழே தொங்கிக்கொண்டிருந்ததை, வலது கையால் எடுத்து மடியில், தம்பி பக்கமாக வைத்தார்.

நூல் அதை வாங்கிக்கொண்டான். மெலிந்துபோன கை. முட்டிகள் மட்டும் பெரிதாகத் தெரிந்தன. கட்டை விரலில் தொடங்கி மடக்கினான், நீட்டினான். ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். வாத்தியார் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். நூலுக்குக் கண் மறைத்தது; துடைத்துக்கொள்ள வேண்டுமானால் கையை விட வேண்டும், விடவில்லை.

"டேய்" என்றார் வாத்தியார், வெளியே பார்த்தபடியே.

"சொல்லுங்கண்ணே."

"இப்ப என் கையைப் பிடிச்சிருக்கியா?"

"பிடிச்சிருக்கேண்ணே."

"ம்" என்றார். நூல் அடுத்த விரலை மடக்கினான்.